பூஜையில் வைத்த லேப்டாப்

செல்போன் அலறியது.

வினிதா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். ஆயுத பூஜை சாயங்காலம். சுண்டல் தாளித்த கையோடு போனை எடுத்தாள்.

"ஏனுங்க வினிதா... மாதவன் பேசறனுங்க!"

மாதவன் பெரிய பனியன் ஏற்றுமதி கம்பெனியின் மேனேஜர். சாதாரணமாகவே பதற்றக்காரர். இன்றைக்கு மூச்சே வாங்கியது.

"சொல்லுங்க சார். பூஜையெல்லாம் ஆச்சுங்களா?"

"பூஜை கெடக்குதுங்க! சைட்டு போச்சுங்க! ஆர்டர் பேஜைத் தொறந்தா ஒண்ணுமே இல்லீங்க. பனியன் ஸ்டைல் இல்ல... வாங்கற பையர் பேர் இல்ல... சுத்தமாத் தொடச்சு வெச்ச மாதிரி இருக்குதுங்க! பரணிக்குப் போட்டா எடுக்கவே மாட்டீங்கறாரு!"

"அண்ணன் ஆபீஸுக்குத்தானுங்க போச்சு. இருங்க, நான் கேக்கறேன்."

பரணி அவளுடைய ஒரே அண்ணன். பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட்டும், ஆர்டர் பார்க்கும் அப்ளிகேஷனும் செய்து தருகிற சின்ன ஆபீஸ் அவர்களுடையது. சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் பரணி. திரையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வினிதா. கம்பெனிகளைப் பேசிப் பிடிப்பது, நடுநடுவே கொஞ்சம் கோட் எழுதுவது சிவபிரகாஷ்.

சிவபிரகாஷ் அத்தை மகன். தை மாதம் வினிதாவின் கழுத்தில் தாலி கட்டப் போகிறவன்.

அண்ணனுக்குப் போட்டாள். மணி அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள்.

எடுத்தார்கள்!

"அண்ணா! சைட்டு..."

"பையா... பையா கிர் கயா!"

அண்ணன் குரல் இல்லை. யாரோ வடக்கத்தித் தொழிலாளி. அழுதுகொண்டே பேசினான்.

"யாருங்க நீங்க? எங்கண்ணன் எங்க?"

"மேலே இருந்து... அண்ணா விழுந்து போச்சு! ரத்தம்... ரத்தம்!"

போன் நழுவித் தரையில் விழுந்தது.

"அப்பா...!"

*

ஆபீஸ் கட்டடத்துக்குப் பின்னால் குறுகலான சந்து.

கீழ்த்தளத்து பனியன் யூனிட்டின் வெட்டுத்துணி மூட்டைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. மெத்தென்ற மூட்டைகள். பரணி அவற்றின் மேல் விழுந்திருந்தால் கையோ காலோ உடைந்திருக்கும், அவ்வளவுதான். பாவிப்பயல் விழுந்தது பக்கத்திலிருந்த சிமென்ட் தரையில்.

அப்பா நாச்சிமுத்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரி சாமி... ஊட்டுக்குப் போலாம், எந்திரி சாமி..."

வினிதாவுக்கு அழுகை கூட வரவில்லை. அண்ணனின் நெற்றியையே பார்த்தாள். காலையில் அவள் வைத்துவிட்ட சந்தனம் அங்கே அப்படியே இருந்தது.

காலையில் ஆபீஸில் பூஜை. லேப்டாப்புகளைத் திறந்து வைத்து, முருகன் படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, வினிதாதான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள்.

"அம்மிணி, பைக்குக்குப் பொட்டு வெச்சே சரி. லேப்டாப்புக்கு நெத்தி எது?" என்று அண்ணன் கிண்டல் செய்தான்.

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ மணிய ஆட்டு!"

மணி ஆட்டியவன் இப்போது அப்பாவின் மடியில் கிடக்கிறான்.

பைக் ஒன்று கிறீச்சிட்டு நின்றது. சிவபிரகாஷ் இறங்கி ஓடி வந்தான். ஓடி வந்தவன் பரணியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான்! நான் வர்றதுக்குள்ள இப்புடிப் பண்ணிப்போட்டியே மச்சான்!"

இன்ஸ்பெக்டர் தவசி திரும்பிப் பார்த்தார். தேனிப் பக்கத்து மனுஷர். திருப்பூருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

"தம்பி... என்ன பண்ணிட்டான்? உங்களுக்கு என்ன தெரியும்? மேல வாங்க."

*

ஆபீஸில் பரணியின் மேஜை மேல் அவன் லேப்டாப் திறந்து கிடந்தது. மற்ற லேப்டாப்புகள் பொட்டும் பூவுமாக முருகன் முன்னால் அப்படியே இருந்தன. பொரி தரையெங்கும் சிதறியிருந்தது.

சிவபிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பல்லடத்துல எங்க தறி செட்டுல பூஜைங்க சார். அங்க இருக்கறப்ப பரணி வீடியோ கால் போட்டானுங்க. இந்த லேப்டாப்ல இருந்துதானுங்க."

"என்ன சொன்னாரு?"

"'மாப்ள, தப்புப் பண்ணிப்போட்டேன். லைவ்ல இருந்த டேட்டாபேஸையே அழிச்சுப்போட்டேன். மாதவன் சார் மூஞ்சில எப்புடி முழிப்பேன்'னு அழுதானுங்க. கண்ணெல்லாம் செவந்து போய்... அந்த மூஞ்சிய நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க சார்!"

அவன் நீட்டிய போனில் கால் வந்த அடையாளம் இருந்தது. பரணியின் லேப்டாப்பிலிருந்து வீடியோ கால். பொய்யில்லை!

தவசி லேப்டாப் திரையைப் பார்த்தார். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள்.

"இது என்னம்மா?"

வினிதா குனிந்து படித்தாள். "கமிட்டுங்க சார். கோட்ல என்ன மாத்தினாலும், யாரு மாத்தினாங்க, என்ன மாத்தினாங்கன்னு கிட்ங்கற சாஃப்ட்வேர்ல பதிவாயிரும். இது அண்ணன் பேர்ல இருக்குது. இதைத்தான் கம்பெனிக பாக்கற லைவ் சைட்டுக்கு அனுப்பியிருக்குது. அதுலதான் ஆர்டர் விவரம் இருந்த டேபிள் எல்லாம் போயிருச்சு."

"அப்ப தம்பி சொல்றது சரிதான?"

"இல்லீங்க சார்!"

சிவபிரகாஷ் அவள் தோளைத் தொட்டான். "வினி... மனசு தாங்காது, எனக்கும் தெரியும் கண்ணு..."

"இல்லீங்க மாமா! பூஜைல வெச்ச லேப்டாப்பை விஜயதசமி காலைல எடுக்கற வரைக்கும் அண்ணன் தொடவே மாட்டான். மத்தியானம் கிளம்பறப்பக் கூடக் கேட்டேன். 'வேலையில்ல அம்மிணி, பேச்சு மட்டுந்தான்'னு சொல்லிட்டுப் போனான். யாருகிட்டப் பேசப் போனான்?"

தவசி பெருமூச்சு விட்டார்.

"தாயி... எங்க ஸ்டேஷன்லயும்தான் துப்பாக்கியப் பூஜைல வெச்சிருக்கோம். திருடன் ஓடுனா எடுக்க மாட்டோமா? பக்தியெல்லாம் கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லாது."

"எங்கண்ணன் சாகற ஆளில்லீங்க சார்."

"எல்லாத் தங்கச்சியும் அப்படித்தாம்மா சொல்லும்" என்றார் அவர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போலத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

*

பாடை தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தவன் சிவபிரகாஷ்தான்.

நாச்சிமுத்து அவன் தோளில் சாய்ந்துதான் அழுதார். அம்மா போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்தக் கொடுமையைப் பார்க்க அவள் இல்லாதது நல்லது என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"இனி நீதான் சாமி எனக்குப் பையன்" என்றார் நாச்சிமுத்து.

"இருக்கறனுங்க மாமா" என்றான் அவன்.

சாம்பல் கரைத்துவிட்டு வந்த மறுநாள் காலை, போலீஸிடம் கேட்டு வாங்கி வந்த தன் லேப்டாப்பை வினிதா மடியில் வைத்துக்கொண்டாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் அண்ணனின் கடைசி வேலை, உடைந்துபோன ஒரு சைட் என்று ஊர் பேசக்கூடாது. அது ஒன்றுதான் அவளால் முடிந்தது.

பரணி அசட்டுப் பயல் இல்லை. டேட்டாபேஸ் தினமும் தானாகவே நகலெடுத்து, வேறொரு சர்வரில் போய் உட்காரும்படி செய்து வைத்திருந்தான். அது அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். சிவபிரகாஷ் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை.

நகலை இறக்கினாள். முதலில் தன் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தாள்.

ஸ்டைல் வந்தது. பையர் பெயர் வந்தது. ஒன்று குறையாமல் எல்லாம் வந்தது!

வினிதா வாய்விட்டு அழுதாள்.

"இவ்வளவுதானேண்ணா... இவ்வளவுதானே! இதுக்கா போனே?"

அழுதவள் சட்டென்று நிறுத்தினாள்.

ஆமாம்... இவ்வளவுதானே! இதைத் திருப்பி வைக்க அவளைவிட வேகமாக அவனுக்குத் தெரியுமே. பின் எதற்குச் சாக வேண்டும்?

பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்தாள். அதில் நெட்வொர்க் என்றொரு பகுதி. ஒரு பக்கம் திறக்கும்போது அது எங்கெங்கே போய் என்னென்ன கேட்கிறது, எதை அனுப்புகிறது என்பதெல்லாம் அதில் வரிசையாக வந்து விழும். எதைச் சரி செய்தாலும் அங்கே ஒரு பார்வை பார்ப்பது அவள் வழக்கம்.

ஆர்டர் பக்கத்தைத் திறந்தாள்.

ஒரு அழைப்பு அவர்களுடைய சர்வருக்குப் போனது. சரி.

இன்னொன்று... வேறு எங்கோ போனது!

அனுப்புவது என்ன என்று திறந்து பார்த்தாள். பையர் பெயர், டிசைன், பீஸுக்குச் சொன்ன விலை. மாதவன் கம்பெனியின் குடல் முழுவதும் யாரோ ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது!

"இதை நான் எழுதவே இல்லையே..."

மூன்று பேருக்கும் பொதுவாக சர்வரில் வைத்திருந்த கோடில் தேடினாள். அந்த வரி அங்கே இல்லை. சைட் போன அன்றைக்கு, பழைய வரலாறு மொத்தத்தையும் யாரோ வழித்துப் போட்டிருந்தார்கள்.

ஆனால் கிட்டில் ஒரு விசேஷம். ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழு வரலாறும் ஒரு பிரதி இருக்கும். வினிதாவின் லேப்டாப் பூஜைக்காக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் தொடவில்லை. அதில் பழையது எல்லாம் பத்திரமாக இருந்தது.

அந்த வரியை எழுதியது யார் என்று கிட்டிடம் கேட்டாள்.

பெயர் வந்தது.

நிச்சயப் பத்திரிகையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த அதே பெயர்!

அவள் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் எழுதியிருக்கிறான். அந்த வாரம் தினமும் சாத்துக்குடி வாங்கி வந்தவனும் அவன்தான்.

*

"சரி... திருடன்னு வெச்சுக்குவோம்" என்றார் தவசி போனில். "போட்டிக் கம்பெனிக்கு விவரம் வித்திருப்பான். உங்கண்ணன் கண்டுபிடிச்சிருப்பாரு. ஆனா திருட்டு வேற, கொலை வேற தாயி. உங்கண்ணன் மூஞ்சியப் பாத்துப் பேசுனேங்கிறான். கால் வந்தது நெசம்."

"சார்... மோட்டார் போடத் தெரிஞ்சவன், டேங்க்ல தண்ணி தீந்துபோச்சுன்னு சாவானுங்களா? எங்கண்ணன்கிட்ட நகல் இருந்துச்சுங்க!"

"நீ சொல்றது எனக்குப் புரியுது. ஜட்ஜுக்குப் புரியணுமே! வேற ஏதாச்சும் இருக்கா?"

"இல்லீங்க சார்..."

போனை வைத்தாள். இப்படியே விட்டால் அண்ணன் பெயர் தற்கொலைக்காரன் என்று எழுதப்பட்டுவிடும். அப்பா மீதி வாழ்நாளெல்லாம் சிவபிரகாஷின் தோளில்தான் சாய்வார்!

லேப்டாப் மணி அடித்தது. மாதவன். வீடியோ கால்.

"ஏனுங்க வினிதா, எல்லாம் திரும்ப வந்துருச்சுன்னு நீங்க அனுப்பின மெசேஜ் பாத்தனுங்க. இந்த நெலமையிலயும்... எப்புடிச் சொல்றதுன்னே தெரியலீங்க."

"இருக்கட்டுங்க சார். அண்ணன் எடுத்து வெச்சது."

"ஏனுங்க... உங்க மூஞ்சியே தெரியலீங்களே? ஒரே இருட்டா, செவப்பா இருக்குது. கேமராவுல என்னமோ ஒட்டீருக்குதாட்ட இருக்குதுங்க."

வினிதா கையைத் தூக்கினாள். துடைக்கப் போனவள்... அப்படியே நின்றுவிட்டாள்!

பொட்டு!

சந்தனமும் அதன் மேல் குங்குமமும். திரைக்கு மேலே, நட்டநடுவில். லேப்டாப்பின் நெற்றியில்!

காலையிலிருந்து அந்த லேப்டாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொட்டு அவள் கண்ணில் படவே இல்லை. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் திருப்பூரில் பொட்டு இல்லாத பொருள்தான் உறுத்தும். தையல் மெஷினுக்குப் பொட்டு, பஸ்ஸுக்குப் பொட்டு, கடைக்காரர் தராசுக்குப் பொட்டு. எவன் கவனிக்கிறான்?

அன்றைக்கு மணியை ஆட்டிவிட்டு வந்த பரணி, அவள் பொட்டு வைத்த இடத்தைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அடியே, அது கேமராடி! கண்ணுல கொண்டுபோய்ச் சந்தனத்தை அப்பீட்டியே!"

"அய்யோ... தொடச்சிரட்டுமாண்ணா?"

"சாமிக்கு வெச்சதை அழிக்காதே அம்மிணி. நாளைக்கு வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலைல நானே தொடச்சுக்கறேன்."

அவனுக்கு அந்த நாளைக்கு வரவேயில்லை.

வினிதா தவசிக்குப் போட்டாள்.

"சார்... எங்கண்ணன் லேப்டாப் எங்கீங்க?"

"ஆபீஸ்லயே பூட்டித்தான் வெச்சிருக்கு. ஏன்?"

"அதை யாரும் தொடச்சுப்போடாதீங்க சார்!"

*

"கேஸை மூடணும் தம்பி. ஒரே ஒரு தடவை மறுபடி சொல்லிருங்க" என்றார் தவசி.

ஆபீஸ். சிவபிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வினிதா சுவரோரம் நின்றாள். பரணியின் லேப்டாப் மூடியபடி மேஜை மேல் இருந்தது.

"அதுதானுங்க சார்... வீடியோ கால் போட்டான். அழுதான்."

"மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சுச்சா? நெட்வொர்க் கிட்வொர்க் பிரச்சினை..."

"தெளிவாத் தெரிஞ்சுதுங்க. கண்ணு செவந்து கெடந்துச்சு. நெத்தில பூஜைக்கு வெச்ச சந்தனம் கூட அப்படியே இருந்துச்சுங்க சார்!"

"ஓ... சந்தனத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க."

"நானும் பாத்தேன் தம்பி. ஆனா வேற எடத்துல."

தவசி லேப்டாப்பை மெல்லத் திறந்தார். வினிதா முன்னால் வந்தாள். ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த முருகன் பெயர்தான் பாஸ்வேர்ட். அடித்தாள். ஒரு பட்டனை அழுத்தினாள்.

சிவபிரகாஷின் சட்டைப் பையில் போன் அலறியது!

"எடுங்க மாமா" என்றாள்.

எடுத்தான். திரையைப் பார்த்தான். முகம் இல்லை. காய்ந்த சிவப்பும் இருட்டும் மட்டும்தான்.

"எங்கண்ணன் மூஞ்சி தெரியுதுங்களா மாமா?"

"அவன்... அவன் தொடச்சுட்டுப் பேசியிருப்பான். அப்புறம் மறுபடியும்..."

"மறுபடியும் பொட்டு வெச்சுட்டுப் போய்க் குதிச்சாரா?" தவசி தன் போனைத் தூக்கிக் காட்டினார். "பூஜை முடிஞ்சதும் இந்தப் பொண்ணு எடுத்த போட்டோ. பொட்டுல ஒரு அட்சதை ஒட்டிக் கெடக்கு, பாத்தியா? இப்ப லேப்டாப்பைப் பாரு. அதே அரிசி, அதே எடம். பல்லடத்துல உங்க செட்டுலயும் விசாரிச்சுட்டேன். நீ மத்தியானமே கிளம்பிட்டியாம்ல?"

சிவபிரகாஷ் போனைக் கீழே வைத்தான்.

பூஜை காலையில் அவன் இங்கே இல்லை. அண்ணன் தங்கையின் சிரிப்பு அவனுக்குத் தெரியாது. பரணியின் பெயரில் டேட்டாபேஸை அழித்துவிட்டு, அவன் லேப்டாப்பிலிருந்து தன் போனுக்குத் தானே கால் போட்டவன், கால் பதிவானால் போதும் என்று போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டான். திரையை ஒரு தடவை பார்த்திருந்தால் தப்பித்திருப்பான்.

"தள்ளோணும்னு வரலீங்க சார்..." என்றான் சிவபிரகாஷ். "பேசலாம்னுதான் கூப்பிட்டான். மாடிக்குப் போனோம். 'நீயே மாதவன் சார்கிட்ட ஒத்துக்கோ, நானும் கூட வர்றேன்'னான். எவ்வளவோ கெஞ்சினனுங்க..."

"கெஞ்சி முடிச்சுட்டுத் தள்ளீட்டீங்க" என்றாள் வினிதா.

"வினி... கண்ணு..."

"எங்கப்பா உங்க தோள்லதான் சாஞ்சு அழுதாரு மாமா" என்றாள். "அந்தத் தோளை எப்புடிக் குடுத்தீங்க?"

கான்ஸ்டபிள்கள் வந்து அவனைத் தூக்கி நிறுத்திக் கூட்டிப் போனார்கள். படியில் அவன் காலடி இறங்கித் தேய்ந்தது. அதுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அப்படியே தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த காய்ந்த பொரிக்கு நடுவில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

தவசி அவள் அழுது தீரும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு லேப்டாப்பை அரக்கு வைக்கும் பைக்குள் பதமாக இறக்கினார்.

"இந்தப் பொட்டு கேஸ் முடியுற வரைக்கும் அழியக்கூடாது தாயி."

வினிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கண்ணனும் அதைத்தானுங்க சார் சொன்னான். நாளைக்கு வரைக்கும் அழிக்காதேன்னு."

"நாளைக்கா?" தவசி பையின் வாயைக் கட்டியபடி சொன்னார். "பாவம்... நம்ம கோர்ட்டுல நாளைக்குன்னா எத்தனை வருஷம்னு உங்கண்ணனுக்குத் தெரியல!"